ஆடி மாதத்து இளவரசன்

சிறுவயதில் விளையாடிய வீடியோ கேம் எது என்று என் வயதுக்காரர்களிடம் கேட்டால் பெரும்பாலும் மாரியோ, கான்ட்ரா என்பார்கள். டிவியில் மாட்டும் அந்தக் கேசட் பெட்டி எங்கள் வீட்டுக்குக் கடைசிவரை வரவில்லை. எனக்கு வாய்த்தது ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’. அதுவும் ஆடியிலும் மார்கழியிலும் மட்டும்.

கம்ப்யூட்டர் சித்தப்பாவுடையது. கும்பகோணத்தில் டிடிபி சென்டர் வைத்திருந்தார். முகூர்த்த மாதங்களில் அந்த 486 கம்ப்யூட்டரின் பக்கமே போக முடியாது. இரவு பத்து மணிவரை கல்யாணப் பத்திரிகை வேலை ஓடும். ஆடி பிறந்தால் கடையில் ஈ ஆடாது. “ஒரு மணி நேரம்தான்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். விளையாட்டிலும் கெடு 60 நிமிடம்தான். அதற்குள் பாதாளச் சிறையிலிருந்து மேலேறி, மந்திரி ஜாஃபரை வென்று, இளவரசியை மீட்க வேண்டும்.

1997-இல் எனக்குப் பன்னிரண்டு வயது, தங்கைக்குப் பத்து. கீபோர்டு எப்போதும் என் கையில்தான். அவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பாள். அது அநியாயம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மானிட்டர் கறுப்பு வெள்ளை. பத்திரிகை அச்சடிக்க நிறம் எதற்கு என்பது சித்தப்பாவின் கணக்கு. விளையாட்டில் வழியெங்கும் மருந்துக் குப்பிகள் இருக்கும். சிவப்புக் குமிழி வந்தால் உயிர் கூடும், நீலம் வந்தால் விஷம். மிச்சமிருக்கும் உயிர் திரையின் கீழே முக்கோணங்களாகத் தெரியும். எங்களுக்கு இரண்டுமே சாம்பல். குடித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். எந்த அறையில் எந்தக் குப்பி விஷம் என்று தங்கை ஒரு பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைத்தாள்.

அதே புத்தகம் இன்னொன்றுக்கும் உதவியது. தொடக்கத்தில் ஓர் அறை வரும். தரையெங்கும் எழுத்துப் பொறித்த குப்பிகள். விளையாட்டோடு வரும் கையேட்டின் இன்ன பக்கம், இன்ன வரி, இன்ன சொல்லின் முதலெழுத்து எதுவோ அதைக் குடி என்று கேட்கும். திருட்டுப் பிரதியைப் பிடிக்க வைத்த பொறி. எங்களிடம் இருந்தது யாரோ நகலெடுத்துக் கொடுத்த பிளாப்பி. கையேட்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. குடித்து, செத்து, மறுபடி குடித்து, கேள்விக்கும் விடைக்கும் ஒரு பட்டியலே தயாரித்துவிட்டோம். பள்ளிப் பாடத்துக்கு இவ்வளவு உழைத்திருந்தால் அப்பா மகிழ்ந்திருப்பார்.

இன்றைக்கும் நான் வியப்பது அந்த இளவரசனின் உடம்பு அசைவைத்தான். ஓடிவந்து நிற்கச் சொன்னால் உடனே நிற்க மாட்டான். கால் சறுக்கித்தான் நிற்பான். தாவிப் பிடித்த விளிம்பில் ஒரு கணம் தொங்கி ஆடுவான். விளையாட்டை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் தன் தம்பி டேவிட்டை வெள்ளை உடையில் ஓடவும் குதிக்கவும் வைத்து வீடியோ எடுத்து, அதைப் பார்த்து ஒவ்வொரு படமாக வரைந்தார் என்பதைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தேன். முதலில் ஆப்பிள் 2 கணினிக்காக 1989-இல் வந்தது. இசை அவருடைய அப்பா. மொத்தத்தில் ஒரு குடும்பத் தொழில், எங்கள் டிடிபி சென்டர் மாதிரி.

நாலாவது கட்டத்தில் ஒரு கண்ணாடி குறுக்கே நிற்கும். ஓடிவந்து அதற்குள் பாய்ந்தால் இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் நம் நிழல். நிழல் தனியே பிரிந்து ஓடிவிடும். பிறகு வந்து நமக்கான மருந்தைக் குடிக்கும். கதவை மூடி நம்மைக் கீழே விழ வைக்கும். பன்னிரண்டாவது கட்டத்தில் கத்தியோடு எதிரே நிற்கும். அங்கேதான் இரண்டு ஆடி மாதங்கள் போயின.

எத்தனை வெட்டு வெட்டினாலும் செத்தது நான்தான். எழுந்து கீபோர்டைத் தட்டுவேன். சித்தப்பா முறைப்பார். ஒருநாள் தங்கை மெதுவாகச் சொன்னாள்: “அண்ணா, நீ அவனை வெட்டும்போது உன் முக்கோணம்தான் குறைகிறது. கவனித்தாயா?”

கவனிக்கவில்லை. கடையில் புரூஃப் பார்ப்பவள் அவள். மணமகளின் பெயரில் ஒரு ‘ண’ தவறினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. “வெட்டாமல் நின்று பாரேன்” என்றாள். கத்தியை உறையில் போட்டேன். நிழலும் போட்டது. நான் முன்னே நடந்தேன், அதுவும் நடந்து வந்தது, இரண்டும் ஒன்றாகிவிட்டன. அதற்கப்புறம் வெறும் பள்ளமாக இருந்த இடத்தில் கால் வைக்க வைக்கத் தரை முளைத்தது. நான் கத்திய கத்தலில் சித்தப்பா டீக்கடையிலிருந்து ஓடிவந்தார்.

ஜாஃபரைக் கொன்றதெல்லாம் அதற்குப் பின் ஒரு சம்பிரதாயம்தான்.

அந்த நிழல் பிறந்ததே இடப் பற்றாக்குறையால் என்று மெக்னர் சொல்லியிருக்கிறார். புதிதாக ஓர் எதிரியை வரைந்து சேர்க்க நினைவகத்தில் இடமில்லை. இளவரசனின் படங்களையே சற்று நகர்த்தி ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு நிழலை உண்டாக்கினார். இதைத் தங்கைக்கு அனுப்பியபோது “அதுதான் அப்போதே சொன்னேனே” என்று பதில் வந்தது.

கல்லூரி விடுதியில், அதே வரிசையில் 2003-இல் வந்த ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ கிடைத்தது. குறுவாளை அழுத்தினால் காலம் பின்னோக்கி ஓடும். விழுந்தவன் மேலே வருவான். அழகான விளையாட்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சாவுக்கும் பயந்து வளர்ந்தவனுக்கு அது கொஞ்சம் சலுகையாகப் பட்டது. அடுத்த ஆண்டே வந்த ‘வாரியர் விதின்’ முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தது, பாதியில் விட்டேன். 2024-இல் வந்த ‘தி லாஸ்ட் கிரவுன்’ மறுபடி பக்கவாட்டு ஓட்டத்துக்குத் திரும்பியதில் எனக்கு மகிழ்ச்சி. அதில் நாயகன் இளவரசன் அல்ல, சர்கோன் என்ற வீரன். காப்பாற்றப்பட வேண்டியவன்தான் இளவரசன்.

போன ஆடியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகன் பழைய முதல் விளையாட்டைத் தன் லேப்டாப்பில் ஓடவிட்டிருந்தான். நல்ல நிறம், முக்கோணங்கள் சிவப்பாக எரிந்தன, விஷம் நீலமாகப் பொங்கியது. எதையும் அவன் குடித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

பன்னிரண்டாவது கட்டத்தில் நிழல் வந்து நின்றது. ஓங்கி ஒரு வெட்டு. அவனுக்கே ஒரு முக்கோணம் குறைந்தது. “மாமா, இது ஏதோ கோளாறு” என்றான். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த தங்கை கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.