கோல் விழுந்தது 23-வது நிமிடத்திலா, 17:25 மீதமிருந்தபோதா?

ஓஹையோ நிருபன்:
அமெரிக்காவில், ஓஹையோவில் ஒரு சின்ன வாரப் பத்திரிகைக்குப் பகுதி நேரமாக உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களை எழுதுகிறேன். போன வாரம் பெண்கள் சாக்கர், அதாவது நம்ம ஊர் கால்பந்து. முதல் பாதியில், ஸ்கோர்போர்டில் 17:25 இருக்கும்போது கோல். நான் "23-வது நிமிடத்தில்" என்று எழுதிக் கொடுத்தேன். அச்சில் பார்த்தால், "17:25 மீதமிருந்தபோது" என்று ஆசிரியர் மாற்றியிருக்கிறார்.

தெரியாதவர்களுக்காக: இங்கே பள்ளி ஆட்டம் 40 நிமிடமாக இரண்டு பாதி. கடிகாரம் 40:00-ல் தொடங்கி இறங்கும். கோல் விழுந்தாலும், அட்டை காட்டினாலும், பெனால்டி கொடுத்தாலும் நிறுத்திவிடுவார்கள். அதனால் இஞ்சுரி டைம், அதாவது வீணான நேரத்துக்காகக் கடைசியில் கூட்டித் தரும் நிமிடங்கள், என்ற பேச்சே இல்லை. பூஜ்யம் வந்தால் பாதி முடிந்தது. அதெல்லாம் சரி, ஆனால் கால்பந்தை உலகமே ஏறுமுகமாகத்தானே எண்ணுகிறது? 2002 உலகக் கோப்பையில் துருக்கி வீரர் ஹக்கான் ஷுக்கூர் 11-வது விநாடியில் அடித்ததைக் கூட 1-வது நிமிடம் என்றுதான் பட்டியலில் போடுகிறார்கள். "89:49 மீதம்" என்று யாராவது எழுதுவார்களா?

பழைய டெஸ்க்:
தம்பி, ஆசிரியர் செய்ததுதான் சரி. அந்தச் செய்தியைப் படிப்பது யார்? அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்த அப்பா அம்மா, தாத்தா பாட்டி. அவர்கள் கண்ணில் பட்டது 17:25. நீங்கள் 23 என்றால், "இது எந்த கோல்?" என்று கேட்பார்கள். பார்த்ததை எழுதுவதுதான் நிருபர் வேலை. கணக்குப் போட ஆரம்பித்தால் தப்பும் கூடவே வரும்.

ஓஹையோ நிருபன்:
கணக்கு ஒன்றும் பெரிய விஷயமில்லை சார். விநாடியை விட்டுவிட்டு, போர்டில் உள்ள நிமிடத்தை முதல் பாதியில் 40-லிருந்து கழிக்க வேண்டும், இரண்டாம் பாதியில் 80-லிருந்து. 40-லிருந்து 17 போனால் 23. இரண்டாம் பாதியில் 3:12 என்றால் 77. அவ்வளவுதான்.

பழைய டெஸ்க்:
போர்டில் சரியாக 18:00 இருந்தால்? உங்கள் கழித்தல் 22 என்று சொல்லும். ஆனால் 22 நிமிடம் முழுசாக ஓடிவிட்டது, நடப்பது 23-வது. இரவு பத்தரைக்கு, டெஸ்க் அவசரத்தில், இதை யார் யோசிப்பார்கள்?

விசில்காரன்:
வார இறுதிகளில் பள்ளி ஆட்டங்களுக்கு நடுவராகப் போகிறவன். இரண்டு பேருமே அந்த விநாடியை ரொம்ப நம்புகிறீர்கள். கடிகாரம் தானாக நிற்பதில்லை. நான் சைகை காட்டியதும் மேலே அறிவிப்பாளர் அறையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்பவர் பொத்தானை அழுத்த வேண்டும். பல இடங்களில் அவர் யாரோ ஒரு மாணவரின் அப்பாவாக இருப்பார். தன் பிள்ளை கோல் அடித்தால் முதலில் கைதட்டுவாரா, பொத்தானை அழுத்துவாரா? நாலைந்து விநாடி போவது சகஜம். அதனால் 17:25 என்பது கோல் விழுந்த நேரமே இல்லை, பொத்தான் அழுத்திய நேரம். நிமிடத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை.

இறங்குகிற கடிகாரம் எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். பல பள்ளிகளில் அதே மைதானம், அதே போர்டு, வெள்ளிக்கிழமை இரவு அமெரிக்கக் கால்பந்துக்கு. அந்த ஆட்டத்தில் நேரம் இறங்கத்தான் செய்யும். நாம் அங்கே ஒண்டுக்குடித்தனம். அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான மேஜர் லீக் சாக்கரே 1996-ல் இறங்கு கடிகாரத்தோடுதான் தொடங்கியது. 2000-லிருந்துதான் நேரத்தை நடுவர் கையில் கொடுத்தார்கள்.

கோல்கீப்பர் அம்மா:
ஐயா நடுவரே, எங்கள் பொண்ணு டீம் போன வருஷம் 0:07 இருக்கும்போது கோல் வாங்கித் தோற்றது. பத்திரிகையில் "80-வது நிமிடம்" என்று போட்டிருந்தார்கள். அந்த ஏழு விநாடிதானே கதையே! அதை 80 என்ற பெட்டிக்குள் அமுக்கினால் எங்கள் வயிற்றெரிச்சல் எங்கே தெரிகிறது?

கிரிக்கெட்டில் இதற்கு வழி இருக்கிறது. ஸ்கோர்கார்டில் விக்கெட் 18.4 ஓவரில் விழுந்தது என்றிருக்கும். பேசும்போது "எட்டு பந்துதான் பாக்கி" என்போம். யாரும் குழம்புவதில்லை. அதே மாதிரி, கீழே பட்டியலில் நிமிடம், மேலே செய்தியில் மீதி நேரம் என்று போடலாமே.

பழைய டெஸ்க்:
அக்கா சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரே கோலுக்கு ஒரே பக்கத்தில் இரண்டு எண் என்றால், ஒன்றைத் திருத்தும்போது இன்னொன்று விட்டுப்போகும். எத்தனை முறை பார்த்திருக்கிறேன்.

ஓஹையோ நிருபன்:
0:07 விஷயத்தில் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். கடைசி ஒரு நிமிடத்துக்குள் விழுந்தால் மீதி நேரம்தான் எழுத வேண்டும்.

ஆனால் நான் நேரில் போகாத ஆட்டங்கள்தான் நிஜமான தலைவலி. பயிற்சியாளர் ராத்திரி குறுஞ்செய்தி அனுப்புவார். நேற்று ஒருவரிடமிருந்து வந்தது இவ்வளவுதான்: "12-ல் நம்ம கோல்." 12-வது நிமிடமா? முதல் பாதியில் 12 மீதமா, அதாவது 28-வது நிமிடமா? இரண்டாம் பாதியில் 12 மீதம் என்றால் 68. மூன்றும் மூன்று கதை. முதலாவது என்றால் ஆரம்பத்திலேயே முன்னிலை, கடைசியது என்றால் ஆட்டத்தை முடித்த கோல். திரும்பக் கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை.

விசில்காரன்:
என்ன எழுதினீர்கள்?

ஓஹையோ நிருபன்:
"ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தார்." நேரமே போடவில்லை.

பழைய டெஸ்க்:
இந்தத் திரியிலேயே நீங்கள் எழுதிய நல்ல வரி இதுதான் தம்பி.