ஹோரி குலப் பெண்களின் பழிவாங்கல்: எவ்வளவு வரலாறு?

கேள்வி: மசாகி செகாவா வரைந்த ‘யாக்யூ நிஞ்சா ஸ்க்ரோல்ஸ்’ மங்காவில் (ஜப்பானியப் படக்கதை), ஜப்பானின் ஐசு பகுதியை ஆண்ட பிரபுவால் குடும்பத்தை இழந்த ஹோரி குலத்தின் ஏழு பெண்கள், வாள்வீரர் யாக்யூ ஜூபேயிடம் பயின்று பழிதீர்க்கப் புறப்படுகின்றனர். இதில் எவ்வளவு உண்மை?

பதில் 1: அடித்தளம் உண்மையே. ஐசுவின் மூத்த அமைச்சர் ஹோரி மோண்டோ, அதன் பிரபு கட்டோ அகினாரியுடன் பிணங்கி, 1639இல் கோட்டையை நோக்கிச் சுட்டுவிட்டு வெளியேறி, பின்னர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். 1643இல் அகினாரியும் ஐசுவை இழந்தார். ஜூபேயின் பயிற்சி, மங்காவின் மூலக்கதையை எழுதிய நாவலாசிரியர் யமடா ஃபூடாரோவின் கற்பனை.

பதில் 2: கமகுரா நகரின் டோகேஜி என்ற பெண் துறவிகள் மடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்காலத்தில் கணவனிடமிருந்து தப்பிவந்த பெண், காலணியை வாசலுக்குள் எறிந்தாலே அடைக்கலம் கிடைத்துவிட்டது என்பார்கள். அப்படிப்பட்ட இடத்துக்குள் ஆண்கள் வாளோடு நுழையும் மங்காவின் தொடக்கக் காட்சி என்னை உலுக்கிவிட்டது. மடத்தின் தலைவி டென்ஷூ, முன்பு ஜப்பானை ஆண்ட டொயோடோமி குடும்பத்தின் வாரிசான ஹிதேயோரியின் மகள். அவரும் வரலாற்றில் வாழ்ந்தவரே.