பாட்டில் பச்சைப் பட்டு மேடையில் ஏன் கறுத்துப்போகிறது?

கௌரி_செந்தூல்:
எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் மகளுக்குச் சலங்கை பூஜை. பாட்டில் பச்சைப் பட்டில் குங்குமச் சிவப்புக் கரை வைத்து உடை தைத்திருக்கிறோம். நேற்று பிரிக்பீல்ட்ஸில் ஒத்திகை. சிவப்பு விளக்கைப் போட்டதும் பச்சை முழுக்கக் கறுத்துவிட்டது. தலையில் வைத்த மல்லிகையும் சிவப்புக் கரையும் கிட்டத்தட்ட ஒரே நிறமாகத் தெரிந்தன. சாயம் மட்டம், துணியை மாற்று என்கிறார் நாத்தனார். இன்னொன்று: மஞ்சள் விளக்கும் நீல விளக்கும் சேர்ந்து விழுந்த இடம் வெள்ளையாக இருந்தது. கோலத்துக்கு அந்த இரண்டு சாயத்தையும் கலந்தால் பச்சைதானே வரும்?

மேடைவிளக்கு_தம்பி:
அக்கா, துணிய மாத்தாதீங்க. சாயத்துல ஒரு குறையும் இல்ல. கோலாலம்பூர்ல நடன மேடைகளுக்கு விளக்குப் போடுறதுதான் என் வேலை. இதைப் பலர் கேட்டிருக்காங்க.

சாயம் எந்த வெளிச்சத்தையும் தானா உண்டாக்காது. விழுற வெளிச்சத்துல கொஞ்சத்தை விழுங்கிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். உங்க பச்சை, சிவப்பையும் நீலத்தையும் விழுங்கிடும். சிவப்பு விளக்குல பச்சைங்கிறதே கிடையாது. வந்த சிவப்பை விழுங்கியாச்சு, திருப்பி அனுப்ப ஒண்ணும் இல்ல. அதுதான் நீங்க பார்த்த கறுப்பு. மல்லிகை எல்லாத்தையும் திருப்பும், கரை சிவப்பைத் திருப்பும். மேடையில இருந்ததே சிவப்பு மட்டும்தான், அதனால ரெண்டுக்கும் வித்தியாசம் போயிடுச்சு.

நியூட்டன் 1672லேயே இதை எழுதிட்டார். இருட்டறையில, பட்டகத்தால பிரிச்ச ஒத்தை நிற வெளிச்சத்தைப் பாய்ச்சினா எந்தப் பொருளையும் எந்த நிறத்துலயும் காட்டலாம். ஆனா அதோட சொந்த நிற வெளிச்சத்துலதான் அது பளிச்சுன்னு இருக்கும்.

மஞ்சள், நீலம் கதை வேற. சாயத்தை வாளியில கலக்கிறது கழித்தல் கணக்கு. மஞ்சள் சாயம் நீலத்தை விழுங்கும், நீலச் சாயம் சிவப்பை விழுங்கும், ரெண்டும் விட்டுவைக்கிறது பச்சை. விளக்குல நடக்கிறது கூட்டல். விளக்கு முன்னாடி மாட்டுற நிறத் தாளுக்கு ஜெல்னு பேரு. மஞ்சள் ஜெல் வழியா சிவப்பும் பச்சையும் வருது, நீல ஜெல் வழியா நீலமும் கொஞ்சம் பச்சையும் வருது. நம்ம விழித்திரையில நிறம் அறியிற கூம்பு செல்கள் மூணு வகைதான். மூணும் ஒண்ணா தூண்டப்பட்டா வெள்ளைன்னு படும். அதே ரெண்டு ஜெல்லையும் ஒரே விளக்கு முன்னாடி அடுக்கிப் பாருங்க, மங்கலான பச்சைதான் வரும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை அரிசிக் கோலம். மஞ்சள் அரிசியையும் நீல அரிசியையும் நல்லாக் கலந்து பேரங்காடித் தரையில தூவி, மேல் மாடியிலிருந்து பாருங்க. வாளியில வந்த பச்சை வராது, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். சாயம் கலக்கல, ஒவ்வொரு அரிசியும் அனுப்புற வெளிச்சம் உங்க கண்ணுலதான் கலக்குது.

ஜார்ஜ்டவுன்_பட்டுக்கடை:
தம்பி சொல்வது சரி. ரவிக்கைத் துணி பொருத்தம் பார்க்க வருகிறவர்களை நான் அஞ்சடிக்கு, அதாவது கடை முன்னால் உள்ள நடைபாதைக்கு, அழைத்துப் போய்விடுவேன். பட்டுக்கு ஒரு சாயம், பருத்திக்கு வேறு சாயம். டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரிவது வெயிலில் பிரிந்துவிடும். மதிய நேர நிழல் வெளிச்சமே நம்பகமானது. சாயங்கால வெயிலில் எல்லாமே மஞ்சள் அடிக்கும்.

கௌரி_செந்தூல்:
நன்றி தம்பி, மனசு ஆறிப்போச்சு. விளக்குக்காரரிடம் என்ன கேட்பது? அங்கே எல்லாமே எல்.இ.டி.

மேடைவிளக்கு_தம்பி:
சிவப்பைப் பின்திரையில மட்டும் போடச் சொல்லுங்க, பிள்ளை மேல வேண்டாம். முன்னாடி இளமஞ்சள் சாயல் உள்ள வெள்ளை போதும். ஆனா சிவப்பு, பச்சை, நீலம் மூணையும் கலந்து உண்டாக்குற வெள்ளையை நம்பாதீங்க. வெள்ளைச் சுவர்ல அது நல்லாத்தான் தெரியும். பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவுல, அலைநீளம் 590 நானோமீட்டர் பக்கம் உள்ள மஞ்சள் பகுதியில, அதுல வெளிச்சம் ரொம்பக் கம்மி. அதனால முகத்து ஒப்பனை, ஜரிகை, சந்தன நிறம் எல்லாம் மாறித் தெரியும். தனி வெள்ளை சில்லு இல்லன்னா ஆம்பர் (செம்மஞ்சள்) சில்லு உள்ள விளக்கு இருக்கான்னு கேளுங்க.

இன்னிக்கு ராத்திரியே வீட்டுல சோதிக்கலாம். கைப்பேசித் திரை முழுக்கச் சிவப்புப் படம் வச்சு, அறையை இருட்டாக்கி, உடைப் பக்கத்துல பிடிங்க. நாத்தனாரையும் பக்கத்துல நிறுத்திக்கோங்க.