மலிவு உரிமமா, கட்டற்ற மென்பொருளா: உங்களால் மறக்க முடியாத நிகழ்வை எழுதுங்கள்

ஆய்வகப் பொறுப்பாளர் எழுதியது:

பள்ளிக் கணினி ஆய்வகத்திற்குக் கல்விச் சலுகையில் 20 கணினிகளுக்கான அலுவலகத் தொகுப்பின் உரிமத்தை வாங்கியிருந்தோம். எவரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய கட்டற்ற அலுவலகத் தொகுப்பான லிப்ரெஆஃபிஸ் பற்றி எவரேனும் பேச்செடுத்தால், "இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது அது எதற்கு?" என்று மறுத்தவன் நான்தான். அந்த உரிமம் ஆண்டுக்கு ஒருமுறை இணையத்தின் வழியே தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும். சரிபார்க்க இயலாவிட்டால் எழுதியதைக் காட்டுமே தவிர, சேமிக்கவோ அச்சிடவோ விடாது. இதை வாங்கும்போதே நான் படித்திருக்க வேண்டும்.

செய்முறைத் தேர்வன்று இணைய இணைப்பு அறுந்திருந்தது. மூன்றாம் வரிசையில் ஒரு மாணவி கையை உயர்த்தினாள். ஒன்றரைப் பக்கக் கட்டுரை அவள் திரையில் இருந்தது. அதற்கு மேலே உரிமம் காலாவதியானதை அறிவிக்கும் சிவப்புப் பட்டை ஓடியது. நான் எதை எதையோ அழுத்திப் பார்த்தேன். அவள் சற்று நேரம் பொறுத்திருந்துவிட்டு, "சார், திரையில் தெரிகிறதே, இதைப் பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டாள், விடைக்குக் காத்திராமல் பென்சிலை எடுத்து எழுதவும் தொடங்கினாள். தான் எழுதிய கட்டுரையை அவளே திரையைப் பார்த்துப் படியெடுத்த அந்தக் காட்சி இன்றும் என்னை உறுத்துகிறது.

நூலகர் எழுதியது:

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் இதைப் படிப்பவர்கள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவு செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் நூலகத்தில் ஓர் இளைஞர், ஊதியம் எதுவும் பெறாமல், கோஹா என்னும் கட்டற்ற நூலக மென்பொருளை, லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளம் உள்ள கணினியில் நிறுவிக் கொடுத்தார். எட்டு மாதங்களில் ஏறத்தாழ 14,000 நூல்களின் விவரங்களை நாங்கள் இரண்டு பேர் உள்ளிட்டு முடித்தோம். பிறகு அவருக்கு வேறிடத்தில் வேலை கிடைத்தது. ஒருநாள் மின்சாரம் நின்று திரும்பியபோது, கருந்திரையில் கடவுச்சொல்லைக் கேட்கும் ஒரே ஒரு வரி மட்டும் நின்றது. அந்தச் சொல் எங்கள் இருவருக்கும் தெரியாது. வாசகர்கள் மேசையின் மறுபுறம் நூல்களோடு நிற்க, நான் அந்த மினுக்கும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் விலை குறைந்த வணிக மென்பொருள் ஒன்றை வாங்கினோம். அது கோஹாவைப் போல வளமானதன்று. தேடல் வசதியும் சுமார்தான். ஆயினும் மாதம் ஒருமுறை ஒருவர் நேரில் வந்து பார்க்கிறார்; அழைத்தால் எடுக்கிறார். நாங்கள் பணம் கொடுத்தது மென்பொருளுக்கு அன்று, அந்த ஒருவருக்காகவே.

தட்டச்சர் எழுதியது:

என் கதை சிறியது. எங்கள் மொழியில் தட்டச்சு செய்ய மலிவான மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்தினேன். கணினியின் பின்புறத்தில் அச்சுப்பொறியைச் செருகும் துளையில் ஒரு சிறு மின்னணுப் பூட்டைச் செருகினால்தான் அது திறக்கும். புதிய கணினி வந்தபோது அதில் அந்தத் துளையே இல்லை. பூட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கணினியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்பது ஆண்டுக் கடிதங்கள் அதனுள் அடைபட்டன.

ஆகவே இங்குள்ள எல்லோருக்கும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். விலையைக் கேட்பதற்கு முன், கோப்பு எந்த வடிவத்தில் சேமிக்கப்படும் என்று கேளுங்கள். திறந்த ஆவண வடிவம் 2006-இல் ஐஎஸ்ஓ 26300 என்னும் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. அந்த வடிவில் உள்ள கோப்பை ஒரு நிறுவனம் மூடப்பட்டாலும் இன்னொரு மென்பொருளில் திறக்கலாம். எழுத்துக்கள் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியீடாகிய யூனிகோடில் உள்ளனவா, அல்லது அந்நிறுவனத்தின் எழுத்துரு இருந்தால்தான் படிக்க முடியுமா என்பதைச் சோதியுங்கள். ஒரு பக்கத்தை வேறொரு கணினிக்கு அனுப்பித் திறந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இணையம் இல்லாத நாளில் உரிமம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மலிவுப் பதிப்பு என்பது பல நேரங்களில் குறைக்கப்பட்ட பதிப்பு என்பதையும் மறவாதீர்கள். தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா முதலிய நாடுகளுக்கென 2004-இல் அறிவிக்கப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பி ஸ்டார்ட்டர் பதிப்பில் ஒரே நேரத்தில் மூன்று மென்பொருள்களுக்கு மேல் இயக்க முடியவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு தாய்லாந்து அரசு லினக்ஸ் கணினிகளை மலிவு விலையில் மக்களுக்கு வழங்க முற்பட்ட பின்னரே, அங்கே விண்டோஸ், ஆஃபிஸ் ஆகியவற்றின் விலை இறங்கியது. 2007-இல் மாணவர்களுக்குக் கணினி வழங்கும் அரசுகளுக்கு விண்டோஸும் ஆஃபிஸும் சேர்ந்த தொகுப்பை 3 டாலருக்குத் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. கட்டற்ற மாற்று ஒன்று களத்தில் இல்லாதிருந்தால் இந்த விலைகள் வந்திரா என்பது என் உறுதியான கருத்து. எனவே நூலகர் அவர்களே, உங்களுக்கு அந்த மலிவு விலை கிடைத்ததிலும் கட்டற்ற மென்பொருளுக்குப் பங்குண்டு. உங்கள் நூல் பதிவுகளை அந்த வணிக மென்பொருளிலிருந்து, நூல் விவரங்களுக்கான பொது வடிவமாகிய மார்க் வடிவில் வெளியே எடுக்க முடியுமா என்று இந்த வாரமே கேட்டுப் பாருங்கள்.

முன்னாள் தன்னார்வலர் எழுதியது:

நூலகர் குறிப்பிட்ட அந்த இளைஞரைப் போன்றவன் நான். நூலகத்தில் அன்று, ஒரு சிறு மருத்துவமனையில்.

உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளத்தின் குறுவட்டுகளை உலகெங்கும் இலவசமாக அஞ்சலில் அனுப்பிய காலத்தில், 2011-இல் அது நிறுத்தப்படுவதற்கு முன், எனக்கும் ஓர் உறை வந்தது. பதிவிறக்கம் செய்தால் இரண்டு இரவுகள் ஆகியிருக்கும்; கட்டற்ற மென்பொருள் இலவசமென்று சொல்பவர்கள் மெதுவான இணைப்புக்கு ஆகும் செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதுவரை அங்கே இருந்தது விண்டோஸின் திருட்டுப் பிரதி. பென் டிரைவைச் செருகினால் போதும், வைரஸால் அடைவுகள் எல்லாம் குறுக்குவழிகளாக மாறிவிடும். அதைத் துடைத்துவிட்டு உபுண்டுவை நிறுவினேன். நோயாளிப் பதிவேட்டை விரிதாளில் அமைத்துக் கொடுத்தேன். செவிலியர்கள் மகிழ்ந்தார்கள்.

எதையும் எழுதி வைக்காமல் வேலைக்குச் சென்றுவிட்டேன். ஏழு மாதம் கழித்து, பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது தலைமைச் செவிலியர் அழைத்தார். "தம்பி, பதிவேடு திறக்கவில்லை, நீங்கள் வைத்த கடவுச்சொல் என்ன?" என்றார். எனக்கு நினைவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன், அக்கா" என்றேன். சொல்லவில்லை. இரண்டாம் முறை அவர் அழைக்கவும் இல்லை.

கணினி ஆசிரியை எழுதியது:

தன்னார்வலரின் பதிவைப் படித்த பிறகும் நூலகரின் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. நூலகரே, உங்களைக் கைவிட்டது மென்பொருள் அன்று, ஏற்பாடுதான். அந்த ஏற்பாட்டைக் கட்டற்ற மென்பொருளைச் சுற்றியும் அமைக்கலாம். கேரள அரசுப் பள்ளிகளில், கல்வித் தொழில்நுட்பத்திற்கான அரசு நிறுவனமான கைட் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இயங்குதளத்தை ஆசிரியர்களே கையாளுகிறார்கள். அதற்கான பயிற்சியை அரசு தொடர்ந்து அளிக்கிறது. ஒரு தனிமனிதரின் நினைவாற்றலை நம்பி அது இயங்கவில்லை. மாதம் ஒருவர் வந்து பார்ப்பதற்கான அதே தொகையைக் கோஹா தெரிந்த ஒருவருக்கும் கொடுத்திருக்கலாமே?

மருத்துவமனை பற்றிய பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். பல வளரும் நாடுகளின் சுகாதாரத் துறைகள் பயன்படுத்தும் டிஹெச்ஐஎஸ் என்னும் கட்டற்ற சுகாதாரத் தகவல் அமைப்பின் முதல் வடிவம், உரிமம் வாங்கிப் பயன்படுத்தும் தரவுத்தள மென்பொருளான மைக்ரோசாஃப்ட் ஆக்செஸ்ஸின் மேல் எழுப்பப்பட்டது. அமைப்பு இலவசம், அது நிற்கும் தளத்திற்கு உரிமம் வேண்டும். இரண்டாம் வடிவத்தை ஜாவா என்னும் நிரல்மொழியில் புதிதாக எழுதிய பிறகே அந்தச் சார்பு நீங்கியது. இந்த இழையில் உள்ளவர்கள் இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவதற்குமுன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆய்வகப் பொறுப்பாளரிடம் ஒரு கேள்வி: அந்த மாணவிக்கு மதிப்பெண் கிடைத்ததா?

ஆய்வகப் பொறுப்பாளர் எழுதியது:

கிடைத்தது. தேர்வாளர் பென்சில் தாளை வாங்கிக்கொண்டார், நான் கையொப்பமிட்டேன்.

தேர்வு முடிந்த வாரத்தில் அவளுடைய கோப்பை லிப்ரெஆஃபிஸில் திறந்தேன். எந்தத் தடையும் இன்றித் திறந்தது. பட்டை தோன்றுவதற்குமுன் அவள் கடைசியாகச் சேமித்தது எதுவோ அதுவரைதான் இருந்தது. கட்டுரையின் முடிவுப் பத்தி இல்லை. அச்சிட்டு அவளிடம் கொடுத்தபோது, "மீதி எங்கே, சார்?" என்று கேட்டாள். அந்தப் பத்தி பென்சில் தாளில் மட்டுமே இருந்தது. தாளோ விடைக்கட்டோடு போய்விட்டது.