அம்பாசடரில் ரிலே வைக்க ஓட்டை எதற்கு?

செம்புக்கம்பி:
நேற்று ஒரு வீடியோ பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பழைய அம்பாசடருக்கு ஹெட்லைட் ரிலே (சுவிட்சிலிருந்து வரும் சிறு மின்சாரத்தால் இயங்கி, பேட்டரி மின்சாரத்தை நேராக விளக்குக்கு விடும் துணை சுவிட்ச்) போட வேண்டுமென்றால் பானெட்டுக்குள் பக்கத் தகட்டில் நாலு ஓட்டை போட்டு ஸ்க்ரூவை முடுக்குங்கள், பத்து நிமிட வேலை என்கிறார் ஒருவர். சொல்லிக்கொண்டே டிரில்லை வைத்து அழுத்துகிறார். என்னிடம் 1967 மார்க் 2 இருக்கிறது. ரிலே, ஃபியூஸ் எல்லாம் நானும் சேர்த்திருக்கிறேன். ஒரு ஓட்டை கூடப் போடவில்லை. ஏற்கெனவே இருக்கும் போல்ட்டிலேயே பிராக்கெட் மாட்டலாம். நாளைக்குக் கழற்றினால் வண்டி பழையபடி இருக்கும். அம்பாசடர் செய்த உத்தர்பாரா ஆலையில் 2014லேயே தயாரிப்பு நின்றுவிட்டது, புதுத் தகடு எங்கிருந்து வரும்?

ஹைபீம்:
அந்த வீடியோ என்னுடையது இல்லை. ஆனால் நானும் ஓட்டை போட்டவன்தான். இரண்டே ஓட்டை, ஐந்து மில்லிமீட்டர். ஓரத்தில் துத்தநாகப் பெயிண்ட் அடித்து, ரப்பர் வாஷர் வைத்து முடுக்கினேன். நாலு மழைக்காலம் போய்விட்டது, துரு இல்லை. முன்பு எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.6 வோல்ட், பல்பில் 11.4. இப்போது பல்பில் 13.1. வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். திண்டிவனம் தாண்டி இரவில் ஓட்டிப் பாருங்கள், அப்போது தெரியும் எது முக்கியம் என்று.

செம்புக்கம்பி:
ரிலே வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? திரும்பப் படியுங்கள். 60/55 வாட் ஹாலஜன் பல்பு இரண்டும் ஹை பீமில் 10 ஆம்பியர் இழுக்கும். அத்தனையும் டேஷ்போர்டு சுவிட்ச், ஹை பீம், லோ பீம் மாற்றக் காலால் மிதிக்கும் டிப் சுவிட்ச், நடுவில் ஒயர்களை இணைக்கும் புல்லட் கனெக்டர்கள் எல்லாவற்றையும் தாண்டித்தான் போக வேண்டும். என் டிப் சுவிட்சைக் கழற்றியபோது நீல ஒயரின் உறை அரை அங்குலத்துக்குக் கருகி, விரல் பட்டதும் பொருக்காக உதிர்ந்தது. உள்ளே செம்பு கறுத்திருந்தது. ரிலேயை இயக்கும் காயிலுக்குக் கால் ஆம்பியர் கூட வேண்டாம். இப்போது அந்த சுவிட்ச் சூடாவதே இல்லை. பேச்சு ரிலேயைப் பற்றி இல்லை ஐயா, ஓட்டையைப் பற்றி.

ஹெரால்டுக்காரன்:
ஓட்டை போட்டால் ஒரிஜினல் போய்விடும் என்கிறீர்கள். ஹாலஜன் பல்பு போட்ட அன்றைக்கே போகவில்லையா? என்னுடையது மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதில் ஃபெண்டரும் பானெட்டும் ஒன்றாக முன்பக்கம் சாயும். ரிலேயை அதில் மாட்டினால் திறக்கும்போதெல்லாம் ஒயர் வளைந்து ஒரு நாள் அறுந்துவிடும். அதனால் பேட்டரிக்குப் பக்கத்தில், பின் தகட்டில் வைத்தேன். இரண்டு ஓட்டை போட வேண்டி வந்தது. வேறு வழி இல்லை.

செம்புக்கம்பி:
வழி இருந்தது, நீங்கள் தேடவில்லை. பேட்டரியை இறுக்கும் கம்பியிலேயே ஒரு எல் தகடு மாட்டியிருக்கலாம்.

ஹெரால்டுக்காரன்:
என் வண்டியைப் பார்க்காமலே சொல்கிறீர்கள். எல்லா வண்டியும் அம்பாசடர் இல்லை.

கோவை_காயில்:
செம்புக்கம்பி சார், போன வருடம் என் சாலிடர் ஜாயின்டைப் பார்த்து "ரேடியோ ரிப்பேர் வேலை" என்று எழுதினீர்கள். நான் மறக்கவில்லை. சரி, உங்கள் வேலையைப் பார்ப்போம். டைனமோவை எடுத்து ஆல்டர்னேட்டர் மாற்றியதும் சும்மா கிடந்த பழைய சார்ஜிங் ரெகுலேட்டர் டப்பாவுக்குள் இரண்டு ரிலேயையும் ஃபியூஸையும் மறைத்து வைத்திருக்கிறீர்கள். வெளியே பார்த்தால் லூகாஸ் கம்பெனியின் பழைய மூடிதான் தெரிகிறது. அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேட்டரி ஒயர் வந்து சேரும் ஸ்டார்ட்டர் சோலனாய்டிலிருந்து அந்த டப்பா வரை இரண்டடி ஒயர் வருகிறதே, அதற்கு ஃபியூஸ் எங்கே? ஃபியூஸ் காப்பாற்றுவது அதற்கு அப்பால் இருக்கும் ஒயரை மட்டும்தான். அந்த இரண்டடி எங்காவது தகட்டில் உரசி எர்த் ஆனால் முழு பேட்டரியும் அதில் இறங்கும்.

செம்புக்கம்பி:
அந்த ஒயருக்கு ஸ்லீவ் போட்டு மூன்று இடத்தில் கிளாம்ப் செய்திருக்கிறேன். உரசாது. அப்புறம், சாலிடர் பற்றி எழுதியது எழுதியதுதான். சாலிடர் ஊறிப்போன இடத்தில் ஒயர் விறைத்துவிடும், எஞ்சின் அதிர்வில் சரியாக அந்த விளிம்பில்தான் முறியும். ஒயர் முனையை நசுக்கி இணைக்கும் நல்ல கிரிம்பிங் டூல் வாங்குங்கள்.

கோவை_காயில்:
ஃபியூஸைக் கேட்டேன், கிரிம்பிங் பற்றிப் பதில் வருகிறது. இன்னொன்றும் கேட்கிறேன். உள்ளே இருப்பது 35 ஆம்பியர் பிளேடு ஃபியூஸா?

செம்புக்கம்பி:
பழைய ஃபியூஸ் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறதோ அதே 35தான்.

கோவை_காயில்:
அதுதான் தப்பு. லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்பது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 சொச்சம்தான். இன்றைய பிளேடு ஃபியூஸில் எழுதியிருப்பது தாங்கும் அளவு. 35 வைத்தால் ஃபியூஸுக்கு முன்னால் ஒயர் உருகும். இரண்டு லைட்டுக்கும் சேர்த்து ஒரே ஃபியூஸ் வேறு. அது போனால் வளைவில் இரண்டு விளக்கும் ஒரே நேரத்தில் அணையும். இடது, வலது தனித்தனியாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு 10 ஆம்பியர் போடுங்கள்.

ஹைபீம்:
என் வண்டியில் தனித்தனியாகத்தான் இருக்கிறது. ரிலேயில் ஒயர் செருகும் வாய் கீழே பார்க்கிறது, தண்ணீர் நிற்காது. இரண்டு ஓட்டை போட்டதால் சரியான இடத்தில் வைக்க முடிந்தது.

செம்புக்கம்பி:
மறுபடியும் ஓட்டை! சரியான இடம் ஓட்டை இல்லாமலும் கிடைக்கும். ரெகுலேட்டர் மாட்டிய ஸ்க்ரூ இரண்டு, அதே இடம், அதே தகடு. ஃபியூஸை மாற்ற எனக்கு ஐந்து நிமிடம் போதும். உங்கள் தகட்டை மாற்ற எத்தனை நிமிடம் ஆகும்?

கோவை_காயில்:
அப்படியென்றால் ஃபியூஸ் தப்பு என்று ஒத்துக்கொள்கிறீர்களா?

செம்புக்கம்பி:
ஃபியூஸை மாற்றலாம் என்றேன். தப்பு என்று சொல்லவில்லை.

ஹெரால்டுக்காரன்:
என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ஹாலஜன் போட்ட வண்டி ஒரிஜினலா, இல்லையா?

செம்புக்கம்பி:
பல்பைக் கழற்றலாம். ஓட்டையைக் கழற்ற முடியுமா?

ஹைபீம்:
என் ஓட்டையில் துரு வந்தால் நானே இங்கே வந்து எழுதுகிறேன்.

செம்புக்கம்பி:
வரும். எழுதுங்கள்.