பெயரே இல்லாத 12 பேரை விடுங்கள், இன்றைய படத்தில் மனதில் நின்ற ஒரே ஒருவரைச் சொல்லுங்கள்

பழையரீல்:
"கதை சொல்வதில் இன்றைய சினிமா தொட்டிருக்கும் இடத்தைப் பழைய படங்கள் கனவிலும் தொட்டதில்லை" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசே ஆறவில்லை. 1957இல் சிட்னி லூமெட் இயக்கிய முதல் திரைப்படம் '12 ஆங்ரி மென்'. 96 நிமிடம். கிட்டத்தட்ட முழுப் படமும் ஒரே அறைக்குள். கொலை வழக்கில் தீர்ப்பு சொல்ல வேண்டிய 12 ஜூரிகள். ஒருவருக்கும் பெயர் கிடையாது. பெயரே இல்லாத அந்த 12 பேரையும் இன்றைக்கும் என்னால் தனித்தனியாகச் சொல்ல முடியும். போன வாரம் பார்த்த புதுப் படத்தின் நாயகன் எதற்காக அவ்வளவு கோபப்பட்டான் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

ஒளிக்கீற்று:
எழுதியது நான்தான். "ஒருவர்" என்று சுற்றி வளைக்க வேண்டாம். முதலில் ஒரு திருத்தம்: 12 பேரில் இரண்டு பேருக்குப் பெயர் உண்டு. கடைசியில் நீதிமன்றப் படிக்கட்டில் எட்டாம் ஜூரியும் ஒன்பதாம் ஜூரியும் பெயர் சொல்லிக்கொள்கிறார்கள். டேவிஸ், மெக்கார்டில். இவ்வளவு உருகும் படத்தின் கடைசிக் காட்சியே உங்களுக்கு நினைவில்லையா?

பழையரீல்:
அறைக்குள் பெயர் கிடையாது. நான் சொன்னது அதுதான்.

ஒளிக்கீற்று:
நீங்கள் எழுதியது "ஒருவருக்கும் பெயர் கிடையாது". மேலேதான் இருக்கிறது, ஏறிப் பாருங்கள்.

கடைசிவரிசை:
படம் வெளிவந்தபோது தியேட்டரில் கூட்டமே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூன்று ஆஸ்கர் பரிந்துரை. மூன்றையும் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' தூக்கிக்கொண்டு போனது. உங்கள் பொற்காலத்து ரசிகர்களே கைவிட்ட படத்தை வைத்துப் பொற்காலப் பெருமையா? அந்தக் காலத்திலும் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் படங்கள் வந்தன. குப்பையெல்லாம் மறந்துபோயிற்று, நல்லது பத்து நின்றது. அந்தப் பத்தை எடுத்து இன்றைய மொத்தக் குவியலோடு மோதவிடுவது எந்த ஊர் நியாயம்?

பழையரீல்:
கூட்டம் வராததற்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம் தம்பி? மூன்றாம் ஜூரியைப் பாருங்கள். படம் முழுக்கக் கத்துகிறார், மேசையைக் குத்துகிறார். கடைசியில் பர்ஸிலிருந்து விழுந்த மகனின் புகைப்படத்தைக் கிழித்துப்போட்டு உடைந்து அழுகிறார். அந்த மகனை நாம் பார்த்ததே இல்லை. மற்றவர்களெல்லாம் வெளியேறிவிடுகிறார்கள். எட்டாம் ஜூரி அவருடைய கோட்டை எடுத்து வந்து மாட்டிவிடுகிறார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போதைய படமென்றால் அந்த இடத்தில் மகன் சின்ன வயதில் ஓடுகிற ஃப்ளாஷ்பேக், மேலே ஒரு சோகப் பாட்டு, கூடவே "அவரும் ஒரு அப்பாதானே" என்று வசனம். நம்மை நம்பாத எழுத்து இது. நான் புலம்புவதெல்லாம் இதற்காகத்தான்.

அப்புறம், ஷாட்டின் நீளம், அதாவது வெட்டில்லாமல் ஒரு காட்சித் துண்டு ஓடும் நேரம். ஹாலிவுட் படங்களில் 1930 முதல் 1960 வரை ஒரு ஷாட் சராசரியாக 8 முதல் 11 விநாடி நின்றது, நூற்றாண்டின் முடிவில் அது 3 முதல் 6 விநாடியாகச் சுருங்கிவிட்டது என்று திரைப்பட ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல் எண்ணிச் சொல்லியிருக்கிறார். மூன்று விநாடியில் ஒரு முகத்தில் என்ன தெரியும்?

ஒளிக்கீற்று:
நிறையவே தெரியும். 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்', 2015. இரண்டு மணி நேரத்தில் சுமார் 2,700 ஷாட். தான் தேடி வந்த பசுமையான நிலம் அழிந்துவிட்டது என்று தெரிந்ததும் நாயகி ஃப்யூரியோசா செயற்கைக் கையைக் கழற்றிப் போட்டுவிட்டு மணலில் மண்டியிட்டுக் கத்துகிறாள். வசனம் இல்லை, ஃப்ளாஷ்பேக்கும் இல்லை. நீங்கள் கேட்ட அதே நம்பிக்கைதான். பெயரைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்களே, அந்தப் படத்தில் மேக்ஸ் தன் பெயரை அவளிடம் சொல்லவே மாட்டான். அவள் சாகக் கிடக்கும்போது தன் ரத்தத்தை ஏற்றிக்கொண்டே சொல்வான். பெயர் சொல்வதே ஒருவரை நம்புவதுதான் என்று ஒரு சண்டைப் படத்துக்குள் வைத்திருக்கிறார் இயக்குநர் ஜார்ஜ் மில்லர்.

பழையரீல்:
பெயர் படத்தின் தலைப்பிலேயே இருக்கிறது தம்பி! போதாததற்கு முதல் நிமிடத்திலேயே அவன் குரலில் "என் பெயர் மேக்ஸ்" என்று நம்மிடம் சொல்லியாயிற்று. 1979இல் தொடங்கிய வரிசையில் நான்காவது படம் அது. ஊருக்கே தெரிந்த பெயரை ஒளித்துவைத்து என்ன பயன்? 12 ஜூரிகளின் பெயர் நமக்கும் தெரியாது.

ஒளிக்கீற்று:
10 ஜூரிகள். அப்புறம், நான் பெண். போன மாதம் நடந்த விவாதத்திலும் சொன்னேன். "தம்பி" வேண்டாம்.

பழையரீல்:
சரி, சகோதரி. அறைக்குள் 12.

ஒளிக்கீற்று:
சகோதரியும் வேண்டாம். எழுதியதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும்.

மௌனப்படம்:
தரம் குறைந்துவிட்டது என்பதில் பழையரீல் பக்கம்தான் நான். ஆனால் 1957இல் போய் நிற்கிறாரே, அதுதான் தாங்கவில்லை. வசனம் வந்த நாளிலேயே சரிவு தொடங்கிவிட்டது. 1931, 'சிட்டி லைட்ஸ்'. பேசும் படங்கள் வந்த பிறகும் சாப்ளின் பேசாமல் எடுத்த படம். அந்த நாடோடிக்கும் பெயர் இல்லை, பார்வையில்லாத பூக்காரப் பெண்ணுக்கும் பெயர் இல்லை. பார்வை வந்த பிறகு, யாரென்று தெரியாமல் இரக்கப்பட்டு அவன் கையைப் பிடிக்கிறாள். பிடித்த அந்தத் தொடுதலில்தான் அவன் யாரென்று தெரிகிறது அவளுக்கு. 12 பேர் உட்கார்ந்து 96 நிமிடம் பேசித் தீர்க்க வேண்டியதை ஒரு கை செய்துவிட்டது.

பழையரீல்:
ஜூரி என்றால் பேசாமல் என்ன செய்வார்கள்? நீங்கள் எந்த விவாதத்துக்கு வந்தாலும் சாப்ளினைக் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள். ஒளிப்பதிவு பற்றிப் பேசினபோதும் இதே கதைதான்.

மௌனப்படம்:
ஒளிப்பதிவு விவாதத்தில் நான் சொன்னது இன்னொரு மௌனப்பட நாயகர், பஸ்டர் கீட்டன். சாப்ளின் இல்லை. அதையும் தப்பாகத்தான் நினைவு வைத்திருக்கிறீர்கள்.

கடைசிவரிசை:
இவருக்கு நினைவாற்றல் அப்படி. அதே படத்தில் நான்காம் ஜூரி, தான் பார்த்த சினிமாவின் பெயரைத் தப்பாகச் சொல்லி மாட்டிக்கொள்வார், ஞாபகம் வருகிறதா? வியர்வையே வராது என்று சொன்ன ஆள் நெற்றியைத் துடைத்துக்கொள்வார். பழையரீல் சார், கைக்குட்டை இருக்கிறதா?

பழையரீல்:
அந்தக் காட்சியை எடுத்ததற்கு நன்றி. நான் எழுத இருந்ததை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஒரு சொட்டு வியர்வையில் ஒரு மனிதனின் திமிர் கரைகிறது. லூமெட் அந்த அறையைப் படம் பிடித்த விதமும் அப்படித்தான். தொடக்கத்தில் கேமரா கண்மட்டத்துக்கு மேலே நிற்கும். போகப் போகக் கீழே இறங்கும், லென்ஸின் குவியத் தூரம் கூடிக்கொண்டே போகும், சுவர்கள் நெருங்கி வருவது போல் இருக்கும். எல்லாம் அந்த 12 முகங்களுக்காக. இன்றைக்கு யார் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்? 2019இல் உலக அளவில் வசூலித்த முதல் 10 படங்களை எடுத்துப் பாருங்கள். அடுத்த பாகம், மறுஆக்கம், காமிக்ஸ் புத்தகத்து ஆட்கள். புதிதாய்ப் பிறந்த ஒரு மனிதன் அந்தப் பத்தில் இல்லை.

கடைசிவரிசை:
1941இல் வந்த 'தி மால்டீஸ் ஃபால்கன்' ஒரே நாவலை வைத்து எடுத்த மூன்றாவது படம். 1959இன் 'பென்-ஹர்' மறுஆக்கம். உங்கள் '12 ஆங்ரி மென்'கூட 1954இல் தொலைக்காட்சியில் வந்த நாடகம்தான், ரெஜினால்ட் ரோஸ் எழுதியது. பழைய சட்டையை மாற்றிப் போடுவதைச் சொல்லிக்கொடுத்ததே அவர்கள்தான். அதே 2019இல்தான் 'பாரசைட்' வந்தது. ஒரு வாடையை வைத்து மேல்தட்டு, கீழ்த்தட்டு இரண்டையும் சொன்ன படம். சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கிய, ஆங்கிலம் அல்லாத மொழியில் எடுத்த முதல் படம். அது உங்கள் கண்ணில் படாது.

பழையரீல்:
பட்டது. நல்ல படம். ஒன்றைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள்.

கடைசிவரிசை:
நீங்கள் மட்டும் எத்தனை படம் சொன்னீர்கள்? காலையிலிருந்து ஒரே படம்.

ஒளிக்கீற்று:
2011இல் அஸ்கர் ஃபர்ஹாதியின் 'எ செபரேஷன்'. பிரியும் பெற்றோரில் யாரோடு இருப்பது, அப்பாவா அம்மாவா என்று மகள் நீதிபதியிடம் சொல்ல வேண்டும். பெற்றோரை வெளியே அனுப்புகிறார்கள். தாழ்வாரத்தில் ஆளுக்கொரு பக்கமாகக் காத்திருக்கிறார்கள், பெயர்கள் ஓடத் தொடங்குகின்றன. மகள் சொன்ன பதில் நமக்குக் கடைசிவரை தெரியாது. இந்தப் படத்தைப் பார்த்தபின்தான் நேற்று அந்த வரியை எழுதினேன். அதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன்.

பழையரீல்:
நானும் மாற்ற மாட்டேன். அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த வரைக்கும் ஒருவருக்கும் பெயர் கிடையாது.

ஒளிக்கீற்று:
"மேசையைச் சுற்றி" இப்போதுதான் புதிதாக வருகிறது. முதலில் மொத்தப் படம், அப்புறம் அறை, இப்போது மேசை.

மௌனப்படம்:
கீட்டன் என்று நான் சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை.