பின் பிறேக்கை முற்றத்தில் மாற்றினேன், திட்டுகிறவர்கள் திட்டலாம்

கோண்டாவில் பிரியஸ்:
கடந்த ஞாயிற்றுக்கிழமை என்னுடைய 2012 டொயோட்டா பிரியஸ் ஹைபிரிட் காரின் பின்பக்கப் பிறேக் பேட்களையும் அவை நெருக்கிப் பிடிக்கும் இரண்டு டிஸ்க்குகளையும் வீட்டு முற்றத்தில் நானே மாற்றிவிட்டேன். காலை ஏழு மணிக்குத் தொடங்கினேன். கை கழுவும்போது மத்தியானச் சோறு ஆறிப்போயிருந்தது. கராஜில் இது இரண்டு மணித்தியால வேலை. நேரத்தையோ காசையோ மிச்சம் பிடிப்பதற்காக நான் இதைச் செய்யவில்லை.

எட்டு மாதங்களுக்கு முன்பு ஒரு கராஜில் பின் பேட்களை மாற்றியிருந்தேன். பெயர் வேண்டாம். கடந்த மாதம் இடது பின்சில்லில் இரும்போடு இரும்பு உரசும் சத்தம். கழற்றிப் பார்த்தால் உள்பக்கப் பேட் தகடு வரை தேய்ந்திருந்தது. வெளிப்பக்கப் பேட்டில் பாதிக்கு மேல் மிச்சம். பேட்களைப் பிடித்திருக்கும் கலிப்பர் வழுக்கி நகர வேண்டிய ஸ்லைட் பின் துருவேறி இறுகிவிட்டது. அதில் கிறீஸ் பூசிய அடையாளமே இல்லை. டிஸ்க்கின் உள்முகத்தில் நகம் மாட்டும் அளவுக்கு வரிகள். சில்லைப் பூட்டிவிட்டால் உள்ளே நடந்ததும் நடக்காததும் ஒன்றுதான். இனி என் பிறேக்கில் நான் கண்ணால் பார்க்காத வேலை நடக்காது.

சுன்னாகம் ஸ்பனர்:
தம்பி, இருபத்திரண்டு வருடங்களாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அந்தக் கராஜ்காரர் செய்தது பிழை. ஆனால் சமையற்காரன் உப்பைக் கூட்டிவிட்டான் என்பதற்காக நாளையிலிருந்து நான்தான் கல்யாணச் சமையல் என்று கிளம்பினால் எப்படி? பிறேக் என்பது பல்ப் மாற்றுகிற வேலை இல்லை.

மூன்று கேள்விகள். காரைத் தூக்கிய பிறகு எதில் நிறுத்தினாய்? பேட்டை அழுத்தும் பிஸ்டனை எப்படி உள்ளே தள்ளினாய்? டிஸ்க்கை ஏன் மாற்றினாய், லேத்தில் கொடுத்துக் கடைந்திருக்கலாமே?

கோண்டாவில் பிரியஸ்:
அண்ணை, எங்கள் முற்றம் செம்மண். ஜக் புதையும் என்று தெரிந்ததால் அடியில் தடித்த பலகை போட்டேன். தூக்கிய பிறகு இரண்டு ஸ்டாண்டுகளில் இறக்கினேன். ஹாண்ட் பிறேக்கை விடுவித்தால்தான் பின் டிஸ்க் கழலும் என்பதால் முன்சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் பனங்குற்றி அணைத்தேன். பக்கத்து வீட்டு அண்ணை சீமெந்துக் கல் கொண்டுவந்தார், வேண்டாம் என்றேன். பொள் கல் ஒரு மூலையில் நொறுங்கினால் போதும், காருக்கு அடியில் இருப்பவன் கதை முடிந்தது.

பின்பக்கக் கலிப்பரில் ஹாண்ட் பிறேக் பொறிமுறையும் சேர்ந்திருக்கிறது. சி வடிவக் கிளாம்பால் நெருக்கினால் உள்ளே உடையும். பிஸ்டனைச் சுழற்றிச் சுழற்றித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். அதற்கான கருவியை யாழ்ப்பாணம் ஸ்டான்லி வீதியில் வாங்கினேன்.

டிஸ்க்கை வேணியரால் அளந்தேன். புதிதில் 9 மில்லிமீட்டர். குறைந்தபட்சத் தடிப்பு 7.5 என்று டிஸ்க்கிலேயே பொறித்திருக்கிறது. என்னுடையது வரி விழுந்த இடத்தில் 7.3. கடைவதற்கு அதில் இறைச்சி ஏது?

கேம்பிரிட்ஜ் தாத்தா:
போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் கராஜும் முற்றமும் ஒன்றுதான். பெற்றோல் இல்லை, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட் எடுப்பதற்கு மட்டும் போத்தலில் ஒளித்து வைத்த பெற்றோலில் சில துளி. உதிரிப்பாகம் என்றால் இன்னொரு செத்த கார்தான். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் பழகினோம். இந்தத் தம்பியை ஏன் வெருட்டுகிறீர்கள்?

ஆனாலும் என் வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் சில்லுச் சிலிண்டரின் ரப்பரை மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டினேன். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. கைதடிப் பாலம் தாண்டுவதற்குள் ரப்பர் ஊதி, பிறேக் பிடித்தபடி விடவே இல்லை. ட்றம்மில் இருந்து புகை. இறங்கி நின்று ஆறும்வரை காத்திருந்தேன்.

சுன்னாகம் ஸ்பனர்:
ஐயா, நீங்கள் எனக்கு எதிராகப் பேச வந்து எனக்காகச் சாட்சி சொல்லிவிட்டீர்கள். இன்றைக்கும் அதே பிழைதான் நடக்கிறது. கையில் கிடைக்கும் சாதாரண கிறீஸை ஸ்லைட் பின்னில் அப்புவார்கள். கனிம எண்ணெய் பட்டால் பிறேக் ரப்பர் ஊதும். ஸ்லைட் பின் மறுபடி இறுகும். அதற்கென்று சிலிக்கன் கிறீஸ் இருக்கிறது.

தம்பி, ஸ்டாண்ட், கருவி, அளவு மூன்றுக்கும் புள்ளி தருகிறேன். ஆனால் நீ சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அந்தக் காரில் பெடலுக்கும் சில்லுக்கும் நடுவில் கம்ப்யூட்டர் நிற்கிறது. சுவிட்ச் நிறுத்தியிருந்தாலும் கதவைத் திறந்தால் பிறேக் அமைப்பு விழித்துக்கொள்ளும். பேட் இல்லாத நேரத்தில் கலிப்பருக்கு அழுத்தம் வந்தால் பிஸ்டன் வெளியே வரும். விரல் இடையில் இருந்தால் அதுவும் போகும். பற்றரியைக் கழற்றினாயா?

கோண்டாவில் பிரியஸ்:
இதைக் கேட்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

தொடங்கும்போது தெரியாது. இடது சில்லைக் கழற்றியிருந்தேன். மகள் தண்ணீர்ப் போத்தல் எடுப்பதற்காக முன் கதவைத் திறந்தாள். பொனட்டுக்குள் மோட்டர் ஒன்று உறுமி நின்றது. கலிப்பர் அப்போது பழைய பேட்களோடு டிஸ்க்கிலேயே இருந்ததால் ஒன்றும் நடக்கவில்லை. என் முதுகு மட்டும் நனைந்தது. உள்ளே போய்த் திருத்தக் கையேட்டைத் தேடி வாசித்தேன். அதற்குப் பிறகுதான் டிக்கியின் வலப்பக்கத்தில் இருக்கும் 12 வோல்ட் பற்றரியைக் கழற்றினேன். அது கழன்றால் டிக்கிப் பூட்டு வேலை செய்யாது. ஆகவே டிக்கியை மூடவில்லை.

வெசல்காரி:
நான் தினமும் ஏ9 வீதியில் கிளிநொச்சிக்குப் போய்வருகிறவள். என் ஹொண்டா வெசல் காரில் ஹாண்ட் பிறேக்கே மின்சாரத்தில் இயங்குவது. பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோகாமல் தொட முடியாது. இந்த இழையைப் பார்த்து ஒருவரும் கை வைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மேலே பேசிய மூவரும் ஆண்கள். ஸ்பனர் பிடிப்பதா வேண்டாமா என்பதுதான் உங்கள் சண்டை. எனக்கு ஸ்பனர் பிடிக்க ஆசை இல்லை. பிரியஸ் அண்ணா கேட்ட உரிமை மட்டும் வேண்டும்: வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது. போன தடவை கேட்டதற்கு, 'நீங்கள் அங்கே இருங்கள் மிஸ்' என்று மின்விசிறிக்குக் கீழே அனுப்பினார்கள். வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்கு வருடா வருடம் புகைப் பரிசோதனை செய்கிறோம். எங்கள் சொந்தக் கார்களின் பிறேக்கை அங்கே யாராவது பார்க்கிறார்களா?

லண்டன் வடமராட்சி:
இங்கே மூன்று வருடம் கடந்த கார்களுக்கு வருடம் ஒருமுறை எம்.ஓ.டி சோதனை. உருளையில் ஏற்றி இடது வலது பிறேக் விசையை அளப்பார்கள். வீட்டில் செய்தவன் பிழை விட்டிருந்தால் அங்கே பிடிபடும். ஊரில் அந்த வலை இல்லை. ஆகவே மெக்கானிக் அண்ணையின் பக்கம்தான் நான். தவிரவும் பின் பிறேக்கில் என்ன இருக்கிறது? நிறுத்துவது முக்கியமாக முன் பிறேக்தானே?

சுன்னாகம் ஸ்பனர்:
என் பக்கம் நிற்பதாகச் சொல்லிவிட்டு என் தலையிலேயே குட்டுகிறீர்கள். பிறேக் அழுத்தும்போது பாரம் முன்னுக்குப் போகும். முன் பிறேக்தான் அதிகம் வேலை செய்யும். அது உண்மை. மழையில் பின்சில்லு ஒன்று மட்டும் பிடித்தால் காரின் வால் எந்தப் பக்கம் போகும் என்பதும் உண்மை.

இன்னொன்று. ஹைபிரிட் கார் மெதுவாகும் வேலையில் பெரும்பங்கை மின்மோட்டரே செய்து, அந்தச் சக்தியைப் பற்றரிக்கு அனுப்பிவிடும். பேட் அதிகம் உரசாது. அதனால் டிஸ்க் தேய்வதைவிடத் துருப்பிடிப்பதுதான் அதிகம். பண்ணைப் பாலத்தால் தினமும் தீவுக்குப் போய்வரும் கார்களைப் பார்த்தால் தெரியும். உப்புக்காற்று ஸ்லைட் பின்னையும் டிஸ்க்கையும் தின்றிருக்கும். பேட் தடிப்பாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டு வருடக்கணக்கில் திறக்காமல் விடுவார்கள். பேட் நல்லதாக இருந்தாலும் வருடம் ஒருமுறை ஸ்லைட் பின்னைக் கழற்றித் துடைத்துக் கிறீஸ் வைக்க வேண்டும்.

கோண்டாவில் பிரியஸ்:
துரு என்றதும் நினைவு வருகிறது. சில்லு நட்டுகள் கழன்றும் பழைய டிஸ்க் அசையவில்லை. சுத்தியலால் அரை மணித்தியாலம் அடித்துக் கை வீங்கியது. பிறகுதான் டிஸ்க்கிலேயே இரண்டு மரை ஓட்டைகள் கண்ணில் பட்டன. 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டை மாறி மாறி முறுக்கினேன். தானாகக் கழன்று வந்தது. கலிப்பரைப் பிறேக் ஒயில் ஹோஸில் தொங்க விடாமல் வயரால் ஸ்பிரிங்கில் கட்டினேன். டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்தேன். துருச் செதில் ஒன்று இடையில் நின்றாலும் புது டிஸ்க் ஆடும்.

சுன்னாகம் ஸ்பனர்:
நல்லது. கடைசிக் கேள்வி. உள்பக்கப் பேட்டின் முதுகில் ஒரு சிறிய குமிழ் இருக்கும். பிஸ்டன் முகத்தில் சிலுவைப் பள்ளம். பிஸ்டனைத் திருப்பி முடித்த பிறகு, குமிழ் அந்தப் பள்ளத்துக்குள் உட்கார்ந்ததா? இரண்டு பக்கமும்?

கோண்டாவில் பிரியஸ்:
இடது பக்கம் உறுதி. வலது பக்கம் செய்யும்போது பசி. நாளைக் காலை திறந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை கார் ஓடாது.

வெசல்காரி:
இந்த 'வலது பக்கம் பசி'தான் என் பயம். கராஜிலும் அதே பசிதானே இருந்திருக்கும்.

கோண்டாவில் பிரியஸ்:
பார்த்தேன். குமிழ் பள்ளத்தின் விளிம்பில் ஏறி நின்றது. இப்படியே விட்டிருந்தால் பேட் சரிவாகத் தேய்ந்திருக்கும். பிஸ்டனைக் கொஞ்சம் திருப்பி உட்கார வைத்தேன். இந்த முறை முதலில் பற்றரி, பிறகு ஜக். சில்லு நட்டுகளை டோர்க் ரெஞ்சால் 103 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினேன். பற்றரியைப் பூட்டிய பிறகு பெடல் கடினமாக நிற்கும்வரை பலமுறை மிதித்துப் பார்த்துத்தான் காரை நகர்த்தினேன். அண்ணைக்கு நன்றி. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: நீங்கள் கேட்ட கேள்விக்கு மறுநாளே திறந்து பார்த்துப் பதில் எழுத முடிந்தது. எட்டு மாதத்துக்கு முன்பு அந்தக் கராஜில் இதைக் கேட்டிருந்தால் யார் திறந்து காட்டியிருப்பார்?

சுன்னாகம் ஸ்பனர்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை. முதல் தடவை செய்கிறவன் தெரிந்தவன் ஒருவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும் என்பதில் மட்டும் நான் மாறவில்லை. பிறேக் ஒயில் எத்தனை வருடம் பழையது என்பதையும் பார். அது காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். டொட் 3 வகை என்றால், புதிதில் 205 பாகையில் கொதிப்பது ஈரமேறிய பிறகு 140இல் கொதித்துவிடலாம். உன் காரில் அதை மாற்றுவதற்குக் கணினிக் கருவி வேண்டும். முற்றத்தில் முயலாதே, என்னிடம் கொண்டுவா.

தங்கச்சி, உங்கள் வெசலையும் கொண்டுவாருங்கள். காருக்குப் பக்கத்தில் கதிரை போட்டுத் தருகிறேன். மின்விசிறி அங்கே எட்டாது, அதை மட்டும் முன்னமே சொல்லிவிடுகிறேன்.